முனீராவின் குளியல் தொட்டியில் திருக்கைகள்

ஜுஹைராவைப் பார்த்து யார் பொறாமைப்பட்டாலும் அவர்கள் மடியில் உயிருள்ள மீன் ஒன்று வந்து விழும். கெர்கென்னா தீவில் இது ஆரம்பித்தது அவள் கடல் உயிரியலில் டாக்டர் பட்டம் வாங்கிய கோடையில். தப்பு அவளுடைய அம்மா மேல்தான். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நல்லது நடந்தால், கண்படாமல் இருக்க ஐந்து விரலையும் விரித்து, அவரைப் பார்த்து, "உம்மேல அஞ்சு, உம்மேல மீனு" என்பார்கள். அந்த அம்மா சந்தோஷத்தில், மகளைப் பார்த்துச் சொல்லவேண்டியதை விருந்தாளிகளைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். மீன்கள் சொன்ன இடத்துக்கு வந்தன. முதல் மீன், ஒரு மடவை, தபால்காரர் மனைவி லத்தீஃபாவின் மடியில் துள்ளியது. அவள் கையிலிருந்த பாதாம் பலகாரம் அத்தனையும் தரையில் சிதறியது.

கொஞ்ச நாளில் ஊர் பழகிக்கொண்டது. சின்னப் பொறாமைக்கு மத்தி, பெரிய பொறாமைக்குப் பாறை மீன். பஸ்ஸில் யாராவது திடீரென்று எழுந்து துணியை உதறினால் மற்றவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். லத்தீஃபாவுக்கு மட்டும் தினமும் மீன்தான்.

"என்னக்கா, இன்னிக்கும் மார்க்கெட் போகலையா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

"எம் பையன் அவ்ளோ படிச்சிட்டு காபிக்கடையில உக்காந்திருக்கான். இவ ஆராய்ச்சிக் கப்பல்ல போறா. வயிறு எரியாம என்ன பண்ணும்? எலுமிச்ச இருந்தா ஒண்ணு குடு" என்பாள் லத்தீஃபா. மீன்பிடிக்கிறவர்கள்தான் நொந்துபோனார்கள். மடவை விலை பாதியாக இறங்கிவிட்டது.

எங்கள் அம்மா முனீராவும் ஜுஹைராவும் ஸ்பாக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரே பெஞ்சு. கடல் உயிரியலில் அம்மாதான் முதல். இரண்டாம் வருடம் அப்பா பெண் கேட்டு வந்தார். கல்யாணத்துக்கப்புறம் படித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களுக்கே பிறகு அது மறந்துபோனது. ஜுஹைராவைப் பற்றிப் பேச்சு வந்தால் அம்மா, "நல்லா இருக்கட்டும்" என்பாள். அவள் மடியில் மீன் விழுந்து யாரும் பார்த்ததில்லை. தங்கமான மனசு என்று ஊரே பேசியது.

வீட்டில் குளியலறையை அம்மா பூட்டியே வைத்திருந்தாள். குழாய் உடைந்துவிட்டது என்று சொல்லி, அப்பாவையும் என்னையும் அத்தை வீட்டுக்குக் குளிக்க அனுப்பினாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்தக் கதவு திறந்திருந்தது. தொட்டி நிறையத் திருக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்து மூச்சுவிட்டன. வாலில் நீலக்கோடு. விஷமுள் இருப்பதால் எங்கள் கிழவர்கள் அந்த மீனை மாமியார் என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே அது எங்கள் கடலில் அற்றுப்போயிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து கடல்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் முள் குத்திய தழும்பு.

"அப்பாகிட்ட சொல்லிடாத" என்றாள்.

நான் சொல்லவில்லை. பயம் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. வெளியே தெரிந்தால் அம்மா அதற்குமேல் யார் முகத்திலும் முழிக்க மாட்டாள், எங்களையும் விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடுவாள் என்ற பயம். விருந்தாளி யார் வந்தாலும் ஓடிப்போய் அம்மா மடியில் உட்கார்ந்துகொள்வேன். பன்னிரண்டு வயதில் இப்படியா என்று பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். ஒருமுறை ஒரு முள் என் தொடையிலேயே ஏறியது. நான் கத்தவில்லை.

ஜுஹைரா வருடக்கணக்காகக் கடலில் தேடிக்கொண்டிருந்தது இந்தத் திருக்கையைத்தான். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த கோடை முடிவதற்குள் உயிரோடு ஒன்றைக் காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாக ஆராய்ச்சி நிலையத்து இயக்குநர் சொல்லிவிட்டார். லத்தீஃபா வந்து அதை அப்படியே எங்களிடம் ஒப்பித்தாள்: "பொம்பளைக்கு எதுக்குக் கப்பலு, வீட்ல தங்கமீன் வளக்கட்டும்னானாம். பாவம்டி அவ." அன்று லத்தீஃபாவின் மடியில் ஒன்றும் விழவில்லை. அம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் காலையில் அம்மா இருப்பதிலேயே பெரிய திருக்கையை வாளியில் போட்டுக்கொண்டு நடுத்தெருவில் நடந்தாள். பார்த்தவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் வலை கிடையாது. நான் பின்னாலேயே போனேன்.

காபிக்கடையில் ஒருவர் பக்கத்திலிருந்த அப்பாவிடம், "லஸ்ஸாத், உன் மாமியாரத் தூக்கிட்டுப் போறா பாரு உன் பொண்டாட்டி" என்றார்.

அப்பா எழுந்து வந்தார். "முனீரா, எங்க போற?"

"வேலைக்கு."

அப்பா வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஒரு பக்கம் நான் பிடிக்கட்டா?"

"முள்ளு இருக்கு. விடுங்க."

நிலையத்தில் ஜுஹைரா இயக்குநர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அம்மா வாளியை மேசையில் வைத்தாள்.

"எங்கடி பிடிச்ச இத?"

"பிடிக்கல. உன்னப் பாத்து வயிறெரிஞ்சேன். வந்துச்சு."

இயக்குநர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். ஜுஹைரா கையை விட்டு மீனின் வயிற்றைத் தடவினாள். "சினையா இருக்குடி" என்றாள். பிறகு, "வேற இருக்கா?"

"தொட்டி நிறைய. நீ பட்டம் வாங்கின நாள்லேருந்து."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல?"

ஆய்வு மூடப்படவில்லை. ஜுஹைரா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள், முனீரா தன்னோடு வேலை செய்ய வேண்டும் என்று. வேலைக்கு நடுவே அம்மா படகேறி ஸ்பாக்ஸுக்குப் போய் விட்ட படிப்பை முடித்தாள். அவள் இல்லாத நாட்களில் அப்பா உப்பில்லாமல் சமைத்தார், ஜுஹைரா எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. திருக்கை வருவது குறைந்தது. சில வாரங்கள் வெறும் மத்திதான். அம்மா அதையும் அளந்து பார்த்துவிட்டுக் கடலில் விட்டாள்.

போன மாதம் அம்மாவின் முதல் கட்டுரை வெளிவந்தது. வீட்டில் விருந்து. ஜுஹைரா ஐந்து விரலையும் விரித்து, வேண்டுமென்றே விருந்தாளிகள் பக்கம் திரும்பி, அந்த வார்த்தையைச் சொன்னாள். எல்லோரும் தங்கள் மடியைக் குனிந்து பார்த்தார்கள். ஒரே ஒரு மீன்தான் விழுந்தது, ஜுஹைராவின் சொந்த மடியில். கை நீளத்துக்கு ஒரு பாறை மீன்.

"அடியே, ஒரு கட்டுரைக்கா இவ்ளோ பெருசு?" என்றாள் அம்மா.

"அவ்ளோ நல்லா எழுதியிருக்கடி" என்றாள் ஜுஹைரா. மீனை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, யாராவது தண்ணீர் கொண்டுவரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.