தொன் கலோஜெரோ கொடுத்த மூலை

அகஸ்ரீனாவுக்கு அந்த மூலையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வியா மக்வேதா என்ற இத்தாலியத் தெருவின் பின்சந்திலிருந்த பங்குக் கோயிலில் எங்கு பார்த்தாலும் வெள்ளைச் சுதையும் பொன்பூச்சும்தான். தங்கள் ஊர் மடுமாதாவின் சிலையை வைக்கத் தமிழருக்குக் கொடுத்த இடம் மட்டும் வெறுங்கல்: மேலே கூராகச் சேரும் வளைவு, பூச்சே காணாத கறுத்த தூண்கள், ஒடுங்கிய யன்னல்.

“வீடு கழுவுற சனம்தானே, இது காணும் எண்டு நினைச்சிட்டினம்,” என்று கணவன் எமிலியானுசிடம் பொரிந்தாள். “மன்னாரிலை வெள்ளை அடிக்காமல் திருநாள் வைச்ச கோயில் இருக்கோ?”

“பங்குச் சுவாமியை ஒரு சொல்லுக் கேப்பமன்.”

“கேட்டால் விடுவாரே? முடிஞ்சாப்பிறகு பாத்துச் சந்தோசப்படட்டும்.”

கோயில் கூட்டுகிறவள் அவள்தான். கதவுப் பூட்டின் திறப்பு அவள் கையில். பங்குக் குரு தொன் கலோஜெரோ வெளியூர் போன நாளாகப் பார்த்து, இருவரும் சுண்ணாம்பு கரைத்து அடித்தார்கள். மாலையில் மூலை பளிச்சென்றிருந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் காலை சுவாமி வந்தார், பார்த்தார், வாங்கிலே பொத்தென்று இருந்துவிட்டார்.

கோயிலில் ஆகப் பழையது இதுதான் என்றார். அறுநூறு வருடங்களுக்கு முன் கூர்வளைவுகள் வைத்துக் கட்டிய கோதிக் கோயிலில் மிஞ்சியது இவ்வளவுதானாம். பின்னால் வந்தவர்கள் மற்ற எல்லாவற்றையும் இடித்துக் கட்டி, இந்த மூலையையும் சுதையால் மூடிவிட்டார்களாம். அதைக் கொத்தி எடுத்துக் கல்லை வெளியே கொண்டுவர, இளம் குருவாக வந்தவருக்குத் தலை நரைத்துவிட்டதாம்.

“என்னிடம் இருந்ததில் நல்லதைத்தான் உங்கள் மாதாவுக்குத் தந்தேன்,” என்றார் இத்தாலியனில், கோபமே இல்லாமல்.

ஐயோ, ஏசியிருந்தாலாவது தாங்கியிருப்பாள்! வெட்கத்தில் அவளுக்குத் தலை நிமிரவில்லை.

“மாதாவைக் கொண்டுபோகவா, சுவாமி?”

“தண்ணீர் கொண்டு வா. இறுகுமுன் கழுவ வேண்டும்.”

பக்கத்து ஒரேத்தோப் பகுதியிலிருந்த தமிழ்ச் சனமெல்லாம் வாளியும் பிரஷுமாக வந்து இறங்கியது. சுவாமியும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தேய்த்தார். வளைவின் வரிப்பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் வெள்ளை போகவில்லை.

திருநாளன்று, புதிதாக வந்திறங்கிய றெபேக்கா பூசை முடிந்ததும் அகஸ்ரீனாவின் காதருகே குனிந்தாள். “என்னக்கா, இவ்வளவு வடிவான கோயிலிலை எங்களுக்கு இந்தக் கறுத்த மூலையோ தந்தவை?”

“பொத்தடி வாயை!” என்றாள் அகஸ்ரீனா. சுண்ணாம்பு தின்ற கைகளில் இன்னும் துணி சுற்றியிருந்தது. கண் கலங்கிவிட்டது. “இருந்ததிலை நல்லதைத்தான் அந்த மனுசன் எங்களுக்குத் தந்தது.”