பாதி மருந்து

அறுவை சிகிச்சைக்கு முன் குழந்தைகளின் பயத்தைத் தணிக்க எது நல்லது என்று எங்கள் ஆஸ்பத்திரியில் இரண்டு சிரப்புகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாதிரிச் சின்னக் கப். எதில் எது என்று கொடுக்கிற எனக்கே தெரியாது. குடித்த குழந்தைக்குக் கண் சொருகத் தொடங்கியதும் தள்ளுவண்டியில் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோவேன். பெற்றவரை விட்டுப் பிரியும்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவேன். கதறினால் ஒன்று, சமர்த்தாக வந்தால் நான்கு. அழுகைக்கு மார்க் போடுகிற உத்தியோகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

அன்று வந்தவள் ஐந்து வயதுக்காரி. உதட்டில் இரண்டாவது ஆபரேஷன். அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் இருக்க, அப்பாதான் அழைத்து வந்திருந்தார். தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர், நகக்கண்ணில் சிமென்ட். முதல் தடவை மருந்தெல்லாம் கொடுக்காமல், அவர் கழுத்தைக் கட்டியிருந்த கையை விரல் விரலாகப் பிரித்துத் தூக்கிப் போனார்களாம். அதற்கப்புறம் பல நாள் அவள் அவர் பக்கமே போகவில்லை.

"இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா என்னை நம்பவே மாட்டா, சிஸ்டர்" என்றார். ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லையாம்.

கப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பி வந்தபோது கப் காலி. பரவாயில்லையே என்று நினைத்தேன். அவர்தான் திருட்டு முழி முழித்தார்.

"பாதியை நான் குடிச்சிட்டேன். எதுவானாலும் நான் முதல்ல குடிச்சாதான் அவ குடிப்பா. தொண்டை அசையுதான்னு வேற பாப்பா. ஏமாத்த முடியாது."

எமகாதகி, ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்திருந்தாள். டாக்டரிடம் ஓடினேன். எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் இன்னொரு தடவை கொடுக்க முடியாது என்றார் அவர். ஒப்பீட்டிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடச் சொன்னார். வாசல்வரை கூட்டி வரலாம், அழுதால் இழுக்க வேண்டாம், வேறு நாள் வரட்டும் என்றார். எனக்கு அழுகைச் சத்தம் அப்போதே காதில் கேட்டது.

தள்ளுவண்டியோடு போனால், அப்பா நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாடி பார்த்தேன், சீராகத்தான் இருந்தது. இன்னொரு நர்ஸைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். மகளை வண்டியில் ஏற்றி ஒரு தள்ளு தள்ளியதும் சக்கரம் கீச்சிட்டது. அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"ஆன்ட்டி, சத்தம் வருது. அப்பா முழிச்சிக்குவாங்க. நான் நடந்தே வரேன்."

மருந்து குடித்த குழந்தையை நடக்கவிடக் கூடாது. ஆனாலும் இறக்கிவிட்டேன். இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். லேசாகத் தள்ளாடியபடி, நுனிக்காலில் நடந்தாள். தியேட்டர் வாசலில் ஒரு தடவை நின்று, வார்டின் மறுகோடியில் அப்பா இன்னும் தூங்குகிறாரா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு, கதவைச் சத்தம் வராமல் சாத்தும்படி எனக்குச் சைகை காட்டினாள்.