புது அறைச் சுவர்

தேவசிகாமணிக்குப் பால்காரர் மேல் சந்தேகம், பஸ் கண்டக்டர் மேல் சந்தேகம். ஆனால் அவையெல்லாம் சில்லறைச் சந்தேகங்கள். மொத்தச் சந்தேகத்தையும் அவர் ரஹமத்துல்லா பாய்க்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்.

காரணம் ஒரு வெடிப்பு. மஞ்சக்குட்டையில் தன் காப்பித் தோட்டத்துச் சரிவில், மகன் மெல்வின் போர்ட் பிளேயரிலிருந்து அனுப்பிய சம்பளத்தில் ஒரு புது அறை கட்டியிருந்தார். தை பிறந்தால் மெல்வினுக்குக் கல்யாணம். வரப்போகும் மருமகளுக்கான அறை அது. அடித்த பெயிண்ட் வாசம் போவதற்குள் சுவரில் கோணலாக ஒரு கோடு விழுந்தது. சரிவின் கீழே, ஏற்காடு பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாய், லாட்ஜ் கட்டுவதற்காகப் பாறை உடைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? பாய் திருட்டுத்தனமாக வேட்டு வைக்கிறார் என்று தேவசிகாமணி முடிவு கட்டிவிட்டார்.

பாய் நேரில் வந்து பார்த்தார். தன் இடத்தில் உளியும் சம்மட்டியும் தவிர வேறெதுவும் கிடையாது என்றார். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மண்ணக் கொட்டி நெரவுன எடமுங்ண்ணா. புது மண்ணு அமுங்குது. ஒரு மழக்காலம் போனா நின்னுரும்," என்றார். தப்புச் செய்தவன்தான் இத்தனை பொறுமையாகப் பேசுவான் என்று தேவசிகாமணிக்குத் தோன்றியது. அன்றோடு பேச்சு நின்றது. பாயின் மகன் தௌபீக்கும் மெல்வினும் சேர்ந்துதான் கப்பலேறினார்கள், ஒரே ஹோட்டலில் வேலை, ஒரே அறையில் தங்கல். அதெல்லாம் அவர் கணக்கில் வரவில்லை. போனிலிருந்த தௌபீக்கின் நம்பரைக்கூட அழித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அபிஷா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். நில அதிர்வைப் பதியும் கருவி ஒன்றை வைக்க, வண்டிச் சத்தம் எட்டாத ஒரு மூலை வேண்டுமாம். பாக்சைட்டுக்காக நிலத்தை நோட்டம் பார்க்க வந்தவளோ என்று அவர் முதலில் மிரண்டார். பிறகு, யாராவது வேட்டு வைத்தால் இதில் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். காப்பிக்கொட்டை போட்டு வைக்கும் அறையை வாடகையே இல்லாமல் திறந்துவிட்டார்.

கருவியை வைத்தபடி அவள் ஆசையாக விளக்கினாள். பூமியின் மேலோடு பெரிய பெரிய தட்டுகளாக இருக்கிறது. அவை முட்டுகிற இடத்தில் மலை எழும்புகிறது, ஒன்றையொன்று உரசுகிற இடத்தில் நிலம் நடுங்குகிறது. இந்தப் பக்கம் எந்தக் காலத்திலோ இரண்டு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிக்கொண்டன. அந்தத் தழும்பு ஆறிப்போனது, எப்போதாவது லேசாக அசையும், அதைத்தான் அவள் தேடுகிறாள். இன்றைக்கும் ஆறாத விளிம்புகள் தூரத்தில் இருக்கின்றன: வடக்கே இமயமலையில், கிழக்கே அந்தமான் கடலடியில். அங்கே நம் தட்டு இன்னொன்றின் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. தேவசிகாமணி தலையை மட்டும் ஆட்டினார். காது பாயின் பாறை மேல் இருந்தது.

அவள் போனதும் கருவி மேலும் சந்தேகம் வந்துவிட்டது. வேலை செய்கிறதா, சும்மா பெட்டிதானா? சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு, அதன் பக்கத்தில் தொம்மென்று குதித்துப் பார்ப்பார்.

அபிஷா திரும்பி வந்து லேப்டாப்பைக் கருவியோடு இணைத்தபோது, அவர் மனைவி செல்வமேரி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"வேட்டு ஒண்ணுகூட இல்லைங்க அங்கிள். ஆனா சாயங்காலமானா யாரோ மெஷின் பக்கத்துல நின்னு குதிக்கறாங்க."

செல்வமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசிகாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதை மறைக்கக் கோபம் வந்தது. இந்தப் பெண் பாயின் கடையில் ஓசி பிஸ்கட் வாங்கித் தின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, திரையில் ஓடிய கோடு துள்ள ஆரம்பித்தது. டம்ளரில் டீ அசையவில்லை. வாசலில் நாய் தலை நிமிரவில்லை. கோடு மட்டும் மேலும் கீழும் பெரிதாகிக்கொண்டே போனது.

"நான் குதிக்கலீங்க," என்றார்.

அபிஷா சிரிக்கவில்லை. இது இங்கே இல்லை, ரொம்பத் தூரம் என்று முணுமுணுத்துவிட்டுத் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதில் தகவல் வந்தது. அந்தமான் என்றாள்.

மெல்வினுக்குப் போன் போட்டார்கள். மணியே அடிக்கவில்லை. மறுபடி போட்டார்கள். செல்வமேரி சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தௌபீக்கின் நம்பர் பாயிடம்தான் இருந்தது. தேவசிகாமணி செருப்பில்லாமல் சரிவில் இறங்கி ஓடினார்.

அங்கே இரண்டு பேர் உளி வைத்துப் பாறையில் குழி கொத்திக்கொண்டிருந்தார்கள். வேட்டு மருந்தும் இல்லை, திரியும் இல்லை. அதைப் பார்த்தார். அதனால் இப்போது ஆவது எதுவும் இல்லை.

"பாய், அந்தமான்ல பூமி ஆடிப்போச்சாமுங்க. பசங்க போனு போகல."

பாய் உடனே தௌபீக்கின் நம்பரை அழுத்தினார். திரும்பத் திரும்ப அழுத்தினார். இருவரும் அந்தப் பாறையின் மேலேயே அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஜெபம் செய்தார், ஒருவர் துஆ கேட்டார். பயம் என்னவோ ஒன்றுதான்.

கடைசியில் போன் தானாக அடித்தது. பாய் ஒரு வார்த்தை கேட்டதுமே "அல்ஹம்துலில்லா" என்று கண்ணை மூடினார். பிறகு ஸ்பீக்கரில் போட்டு, போனை தேவசிகாமணியின் கையில் கொடுத்தார்.

மெல்வின்தான் பேசினான். இருவருக்கும் காயமில்லை, கடலுக்குப் பயந்து மேட்டில் ஏறி நிற்கிறார்கள். தௌபீக்தான் தூங்கிக்கொண்டிருந்த தன்னை இழுத்து வெளியே போட்டான் என்றான். மூச்சு வாங்கியது. பிறகு கேட்டான்:

"அப்பா, இங்க செவுரெல்லாம் கண்ணு முன்னாடியே பொளந்துருச்சு. நம்மூட்டுச் செவுரு எதனால வெடிச்சுதுன்னு தெரிஞ்சுதா?"

தேவசிகாமணி பாயைப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல சாமி. மண்ணக் கொட்டி நெரவுன எடம். புது மண்ணு அமுங்குது. ஒரு மழக்காலம் போனா நின்னுரும்."

பாய் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.