தங்கை திருத்திய தடுப்பூசிக் கதை

1.

இந்தக் கதை ஒரு கடிதமாகத்தான் பிறந்தது. என் தங்கை மகள் போன் செய்து, "மாமா, நீங்கதான் எல்லாருக்கும் லெட்டர் எழுதுவீங்களே, அம்மாவுக்கும் ஒண்ணு எழுதுங்க" என்றாள். (குடிநீர் அலுவலகம் முதல் எதிர்வீட்டு நாய் வரை நான் எழுதாத ஆள் இல்லை. நாய்க்கு அல்ல, நாயை வளர்ப்பவருக்கு. வாக்கியம் முந்திக்கொண்டுவிட்டது. இருக்கட்டும்.)

விஷயம் இதுதான். அவள் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசி இலவசமாகப் போடுகிறார்கள். நாளையோடு முடிகிறது. பெற்றவர்கள் சம்மதித்தால்தான் போடுவார்கள். என் தங்கை முடியாது என்றுவிட்டாள். மகள் கெஞ்சிப் பார்த்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் என்னிடம் வந்திருக்கிறாள்.

2.

'அன்புள்ள தங்கைக்கு, பொருள்: தடுப்பூசி தொடர்பாக' என்று எழுதியதும் எனக்கே கொட்டாவி வந்தது. புத்திமதிக் கடிதத்தை அவள் இரண்டாம் வரிக்கு மேல் படிக்க மாட்டாள். ஆனால் தன்னைப் பற்றிய கதை என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து படிப்பாள். ஆகவே கதை.

முதல் தொடக்கம்: 'அன்று வானம் இருண்டு' — இல்லை, அன்று நல்ல வெயில்.

இரண்டாம் தொடக்கம்: 'கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. என்ற ஒரு வைரஸ்தான் காரணம். நெருக்கமான உறவின் வழியே அது பரவும். அந்த வயது வரும் முன்பே ஊசி போட்டுக்கொண்டால் பலன் அதிகம். பையன்களையும் வேறு சில புற்றுநோய்களிலிருந்து' — அத்தனையும் உண்மை. ஆனால் ஆஸ்பத்திரிச் சுவரைப் படிப்பது போல இருந்தது.

மூன்றாம் தொடக்கம்: 'இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்திக்கு ஒரு மகள் இருந்தாள்.' இது நின்றது. என் தங்கையின் தொழிலும் அதுதான்.

3.

ஏஜெண்டம்மா மீட்டர் பார்க்க வந்தவரையே உட்கார வைத்துப் பாலிசி எடுக்க வைத்தவள். சாவு என்ற சொல் அவள் வாயில் வராது. 'ஒருவேளை' என்று மட்டும் சொல்வாள், அதையும் குரலைத் தாழ்த்தி, கேட்பவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து. அதற்குள் எதிரில் இருப்பவர் பேனாவைத் தேட ஆரம்பித்திருப்பார்.

அப்பேர்ப்பட்டவளிடம் மகள் தடுப்பூசியைப் பற்றிச் சொன்னபோது வந்த பதில்: "இலவசமா யாருடி எதைக் குடுப்பாங்க? எங்கயாவது பொடி எழுத்துல ஒரு கண்டிஷன் இருக்கும்."

இந்த இடத்தில் எனக்குப் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. நாள் முழுக்கப் பாதுகாப்பு விற்கிற ஒருத்தி, தன் வீட்டு வாசலுக்கே வரும் பாதுகாப்பைத் திருப்பி அனுப்புவாளா? வாசகர் நம்ப மாட்டார். ஆனால் நான் என்ன செய்ய, அவள் அடுத்த தெருவில் இருக்கிறாள்.

4.

அடுத்து மகள் தாயின் மனதை மாற்ற வேண்டும். எழுதினேன்:

'மகள் கண் கலங்கி, "அன்னையே, தடுப்பூசி அறிவியலின் கொடை. அதனைத் தாங்கள்' —

வாக்கியம் இங்கே அறுந்ததற்குக் காரணம், என் தங்கையே உள்ளே வந்துவிட்டாள். ஏதோ பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் மேஜை மேல் கிடந்த தாள்களைப் பார்த்தாள், நின்றபடியே படித்தாள். சண்டைக்குத் தயாராக இருந்தேன். தன்னைக் கேலி செய்திருப்பதை அவள் பொருட்படுத்தவே இல்லை.

"எந்தப் பொண்ணு இப்படிப் பேசுவா? இப்படிப் பேசினா எவன் பாலிசி எடுப்பான்?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து என் பென்சிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

5.

அறிவியலின் கொடை முதல் அடியிலேயே போயிற்று. கண் கலங்கியதும் போயிற்று. அழுகிற ஏஜெண்டிடம் யாரும் எதுவும் வாங்க மாட்டார்களாம். 'இந்த வயசுல என்ன அவசரம்?' என்று தாயைக் கேட்க வைத்தாள். அதற்குக் கீழே மகளின் பதிலை ஒரே மூச்சில் எழுதினாள்: 'வியாதி வந்தப்புறம் போனா உங்க கம்பெனில பாலிசி குடுப்பாங்களாம்மா?'

எழுதி முடித்ததும் பென்சில் நின்றது. தான் எழுதியதையே இன்னொரு முறை படித்தாள். தாய் அதற்கு என்ன சொன்னாள் என்பதை அவள் எழுதவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. (கஸ்டமர் கையெழுத்துப் போடப்போகிற நேரத்தில் ஏஜெண்ட் பேசக் கூடாது. அவளிடம் கற்றதுதான்.)

"அண்ணா, கஸ்டமர் முதல்ல சொல்ற காரணம் காரணமே இல்ல" என்றாள். "இலவசம், கை வலிக்கும், அவசரம் என்ன, எல்லாம் சும்மா. உள்ள வேற ஒண்ணு வெச்சிருப்பாங்க. இந்தம்மா உள்ள வெச்சிருக்கறத நீ எழுதவே இல்ல."

"எனக்குத் தெரியலையே. என்ன அது?"

பென்சிலை மேஜை மேல் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஊசி எதுக்குன்னு பொண்ணுகிட்ட சொல்லணும்ல. உனக்கும் ஒரு நாள் ஒருத்தன் வருவான்னு சொல்லணும். நேத்துதான் அவளுக்குப் பல்லு தேய்ச்சு விட்ட மாதிரி இருக்கு. அதை வாயால சொல்லிட்டா, அப்புறம் அவ சின்னப் பொண்ணு இல்ல."

"அவளுக்கு எல்லாம் தெரியும்மா. எனக்கே அவதான் விளக்கினா."

"என்கிட்ட கேக்கலையே."

"கேட்டா. நீ பொடி எழுத்தைத் தேடிட்டு இருந்த."

முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "கஸ்டமர் மாட்டிக்கிட்டா" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்து, பள்ளியிலிருந்து வந்திருந்த செய்திக்குச் 'சம்மதம்' என்று பதில் அனுப்பினாள்.

6.

நான் இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன்.

அ) ஊசி குத்தியதும் மகள், "இவ்வளவுதானா?" என்கிறாள்.

ஆ) ஊசி போட்ட நர்ஸுக்கு ஏஜெண்டம்மா ஒரு பாலிசி விற்றுவிடுகிறாள். (இதன் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.)

தங்கை இரண்டையும் வேண்டாம் என்றாள். "நாளைக்கு ஊசி போடறது ஒரு நிமிஷ வேலை. இப்ப வீட்டுக்குப் போய் அவகிட்ட பேசணுமே, அதுதான் கஷ்டம். நீ துணைக்கு வா."

போனேன். தங்கை மகளின் மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத எத்தனையோ வீடுகளின் மணியை அடித்தவள், சொந்த மகளின் கதவுக்கு முன்னால் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக நின்றாள்.

"என்ன சொல்லி ஆரம்பிக்கிறது?" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

தட்டினாள். கதவு திறந்தது. நீ கிளம்பு என்று எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். பாதிப் படி இறங்கியபோது தங்கையின் குரல் கேட்டது, தாழ்ந்த குரல், ஒரு வாக்கியம்தான். சொற்கள் கேட்கவில்லை. உடனே மகள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை. வெகுநேரமாக யாரையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

அது என்ன வாக்கியம் என்று கேட்டேன். இருவருமே சொல்ல மறுத்துவிட்டார்கள். நானே எழுதிப் பார்த்ததெல்லாம் என் கடிதங்களைப் போலவே இருக்கிறது. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். உங்கள் வீட்டில் பெண்ணோ பையனோ வளர்ந்துகொண்டிருந்தால், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

"                                        "