என் வண்டியில் ஏறாத முருங்கைக்காய்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். துபாய் கராமாவில் எங்கள் ரூமில் இருக்கிற அத்தனை பேரும் இதைச் சத்தியம் பண்ணிச் சொல்வார்கள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வந்த மாதிரி ஒரு கோபம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அதற்குக் காரணம் ஒரு முருங்கைக்காய் சாம்பார்.

நான் ஃப்ரீசர் வண்டி ஓட்டுகிறேன். துபாய் மார்க்கெட்டில் காய்கறி, அரிசி, கோழி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் பாலைவனத்துக்குள் கம்பெனி ஆட்கள் தங்கி வேலை பார்க்கிற கேம்ப்களில் இறக்குவது என் டூட்டி. கடைசி கேம்ப், மாப்பிள்ளை இருக்கிற கேம்ப். மாப்பிள்ளை என்றால் சோலைமுத்து, என் தங்கச்சி பானுமதியின் வீட்டுக்காரர். அங்கே அவர்தான் சமையல். லிவா என்கிற ஊரைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, பெரிய உப்புத்தரை ஒன்றைக் கடந்தால்தான் அந்த கேம்ப் வரும். கடை கண்ணி கிடையாது. அங்கே ஒரு பச்சைமிளகாய் கண்ணில் பட்டால் அது என் வண்டியில் வந்த மிளகாய். வாரம் ஒருமுறை நான் போய் இறக்கினால்தான் இருபது சொச்சம் பேருக்கு அந்த வாரச் சாப்பாடு.

துபாய் ரோட்டில் கார்கள் மிதந்தனவே, அந்தப் பெரிய மழையில் உப்புத்தரை சேறாகிவிட்டது. காய்ந்திருக்கும்போது அதன் மேல் லாரி ஜம்மென்று போகும். நனைந்துவிட்டால் மேலே பார்க்கத் தரை, உள்ளே களி. இறங்கினால் வண்டியை அச்சு வரைக்கும் முழுங்கிவிடும். ஆகவே ட்ரிப் கேன்சல். ஆபீசில் சூப்பர்வைசர் சுரேஷ்குமார் தினமும் கேம்புக்கு போன் போட்டு, ஸ்டாக் இருக்கிறதா, சாப்பாடு ஓகேவா என்று கேட்பார். மாப்பிள்ளையும், "இருக்கு சார், ஓகே சார்" என்பார்.

"இன்னும் ஒரு வாரத்துக்குத் தாங்கும்னு சொல்றாருங்க. வழி காயட்டும், அப்புறம் போலாமுங்க" என்றார் சுரேஷ்குமார் என்னிடம். கோயம்புத்தூர்க்காரர். எதற்கும் பதற மாட்டார். நானும் அதைக் கேட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

மனசில் ஒரு ஓரத்தில் இருந்த கவலை மாப்பிள்ளையின் சர்க்கரைதான். மாத்திரை போட்டால் வயிற்றுக்குச் சாப்பிட்டே ஆகவேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் ஆளையே கவிழ்த்துவிடும் என்று பானுமதியிடம் ஊரில் டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அதனால் அவள் தினமும் போனில் கேட்கிற முதல் கேள்வி, "சாப்டீகளா?" அடுத்த கேள்வி, "மாத்திர போட்டீகளா?"

வெள்ளிக்கிழமை காலையில் அவள் எனக்கு போன் பண்ணினாள்.

"என்னண்ணே, இன்னும் தூக்கமா?"

"லீவு நாள்ல மனுசன் தூங்கக்கூடாதா? சொல்லு."

"டிவில மழையக் காட்டுனதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. இவுக என்னடான்னா போன்ல சிரிக்கிறாக. நேத்து முருங்கக்கா சாம்பாராம், அப்பளமாம். இங்க நானும் பிள்ளைகளும் ரசத்த ஊத்தித் தின்னுக்கிட்டுக் கெடக்கோம்."

"ஒனக்குப் பொறாம" என்று சிரித்துவிட்டு வைத்தேன். பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. முருங்கைக்காயா?

கடைசியாக நான் இறக்கியது பூசணி, முட்டைக்கோஸ், உருளை, வெங்காயம், தக்காளி. முருங்கைக்காய் விலை ஏறியதும் கம்பெனி அதை நிறுத்திவிட்டது. அந்தக் கேம்புக்குப் போகிற வண்டி என் வண்டி ஒன்றுதான். நான் ஏற்றாத முருங்கைக்காய் அங்கே எப்படிக் குழம்பில் கிடக்கும்? வாயில் நுரையோடு மாப்பிள்ளைக்கு போன் போட்டேன்.

"மாப்ள, சாப்டீங்களா?"

"ஆச்சு மச்சான்."

நம் ஆட்களிடம் இந்தக் கேள்விக்கு வேறு பதில் வாங்கவே முடியாது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறவனைக் கேட்டாலும் ஆச்சு என்றுதான் சொல்வான். அதனால் நான் அடுத்ததைக் கேட்டேன்.

"என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு மச்சான்."

"காலங்காத்தாலயா?"

"நேத்து வச்சது."

"நேத்து சாம்பார்னு பானு சொன்னா?"

"அதுவும் இருந்துச்சு. மச்சான், இங்க சிக்னல் சரியில்ல, பெறகு பேசுறேன்." கட் பண்ணிவிட்டார்.

அதே கேம்பில் இருக்கிற எலக்ட்ரீஷியன் ஐயப்பனைக் கூப்பிட்டேன். நேற்று ராத்திரி என்ன சாப்பாடு என்றேன். "கோழிக்கொழம்புண்ணே, அருமை" என்றான். வெல்டர் பாலகுருவைக் கூப்பிட்டேன். "மீன் வறுவல்ணே" என்றான். ஒரே அடுப்பு, ஒரே சமையல்காரர். ஒரு ராத்திரியில் சாம்பார், புளிக்குழம்பு, கோழி, மீன்! ஆளாளுக்கு அவனவன் ஆசைப்பட்டதைச் சொல்கிறான் என்று புரிந்ததும் எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"டேய் பாலகுரு, மீனு பாலைவனத்துல நீந்தி வந்துச்சாடா? என் வண்டியில மீன் ஏத்தி எத்தன நாளாச்சு? மரியாதையா உண்மையச் சொல்லு. இல்ல, அங்க வந்து தோல உரிச்சிருவேன்."

நான் போட்ட சத்தத்தில் ரூமில் எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். பாலகுருவின் குரல் இறங்கிப்போனது.

"சொல்லக்கூடாதுன்னு சோலைமுத்து அண்ணன் சத்தியம் வாங்கிருக்காருண்ணே. ஸ்டோருக்குள்ள மழைத்தண்ணி போயிருச்சு. மூட்டையெல்லாம் தரையில கெடந்துச்சா, அரிசி, பருப்பு, மாவு எல்லாம் ஊறி நாறிப்போச்சு. ஜெனரேட்டரும் ரெண்டு நாள் நின்னுபோயி ஃப்ரீசர்ல இருந்த கோழியும் கெட்டுப்போச்சு."

"அப்ப இத்தன நாளா என்னடா திங்கிறீங்க?"

"இருந்த காய அவிச்சுத் தின்னோம். அப்புறம் காஞ்ச குபூஸு ரொட்டி, பேரீச்சம்பழம். இப்ப பாலில்லாத வெறும் சுலைமானி டீதான்."

"ஆபீஸ்ல ஏன்டா சொல்லல?"

"மூட்டையத் தரையில வச்சது அண்ணன்தான், ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்துட்டாரு. நாளைக்கு வழி தெறந்துரும், வண்டி வந்துரும்னே சொல்லிக்கிட்டிருந்தாரு. எங்களுக்கும் அவர மாட்டிவிட மனசு வரலண்ணே. அவரு பங்கையும் எங்களுக்கே போட்டுட்டாரு. நேத்து கண்ணு இருட்டுதுன்னு அப்படியே சரிஞ்சுட்டாரு. கடைசியா இருந்த பேரீச்சம்பழத்த ஊட்டித்தான் எழுப்புனோம்."

"மாத்திர போடுறாராடா?"

"தெனமும் போடுறாருண்ணே. பானு அக்காகிட்ட ஒரு பொய் போதும், ரெண்டாவது பொய் வேணாம்னு சொல்லிப் போடுறாரு."

இந்த மனுசனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சொல்லுங்கள்! சாப்பிட்டேன் என்பது பொய்யாம். அதனால் மாத்திரையாவது உண்மையாக இருக்கட்டுமாம். அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு.

"மொதல்ல அந்த மாத்திரயப் பிடுங்கி ஒளிச்சு வை. சுலைமானில சீனிய அள்ளிப் போட்டுக் குடிக்கச் சொல்லு. தூங்க விடாத. நான் வாரேன்" என்றேன். எப்படிப் போவது என்று அப்போது எனக்கே தெரியாது.

சுரேஷ்குமாருக்கு போன் போட்டுச் சொன்னேன். முதல்முறையாக அந்த மனிதர் பதறினார். "தினமும் ஓகேன்னு சொன்னாருங்களே!"

"நம்ம ஆளுககிட்ட ஓகேவான்னு கேட்டா ஓகேன்னுதான் சார் சொல்லுவான். இன்னொண்ணு, மாப்பிள்ளைய இதுக்காக..."

"ஊருக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க. மூட்டைக்கு அடியில போடப் பலகையே நாமதானுங்க குடுக்கல. அத நான் பேசிக்கறேன். நீங்க வண்டிய எடுங்க, சைட் ஆபீசுக்கும் கம்பெனி டாக்டருக்கும் நான் சொல்லிடறேன்."

அந்த ஒரு வார்த்தையில் பாதி பாரம் இறங்கியது. மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி என்று ஏற்றினேன். முருங்கைக்காயையும் ஒரு கட்டு எடுத்துப் போட்டேன். மாப்பிள்ளை வாயால் வைத்த சாம்பாரைக் கையாலும் வைக்கட்டும் என்று ஒரு வீம்பு. கராமாவில் நாங்கள் சாப்பிடுகிற ஹோட்டலின் முதலாளி செய்கு முகம்மது பாய், விஷயத்தைக் கேட்டதும் அடுப்படிக்கே போய்விட்டார். ஜும்ஆத் தொழுகைக்குப் போகிற அவசரத்திலும் புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டவைத்தார். "வழியில கெடாது. பசிச்ச வயித்துக்கு ஒரேயடியா அள்ளிப் போட்டுராதீங்க வாப்பா, கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

தார் ரோடு முடிகிற இடத்துக்கு நான் போனபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. எதிரே உப்புத்தரை கண்ணாடி மாதிரி மினுமினுத்தது. காலை வைத்துப் பார்த்தேன். செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. அந்தப் பக்கம் கேம்பின் தண்ணீர்த் தொட்டி புள்ளியாகத் தெரிகிறது. கைக்கெட்டின தூரம்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ரோட்டோரத்தில் ஒரு ஒட்டகப் பண்ணை உண்டு. போகும்போதும் வரும்போதும் ஹாரன் அடித்துக் கையாட்டுவதோடு சரி. அன்றைக்கு நேரே உள்ளே போனேன். ஒட்டகம் மேய்க்கிற பாகிஸ்தான் சிந்திக்காரர் ஓடிவந்தார். பின்னாலேயே அர்பாப், அதாவது பண்ணை முதலாளி, வெள்ளைத் தாடிக்காரர், கையில் காவா காப்பிக் கோப்பையோடு வந்தார். எனக்குத் தெரிந்த அரபியே நாலு வார்த்தை. கேம்பின் பக்கம் கையைக் காட்டி, "அக்கல் மாஃபி" என்றேன். சாப்பாடு இல்லை.

அர்பாப் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படபடவென்று கத்தத் தொடங்கினார். என்னையா திட்டுகிறார் என்று பயந்துபோனேன். சிந்திக்காரர் இந்தியில் எடுத்துச் சொன்னார்: "பாய், அர்பாப் கேட்கிறார், பக்கத்திலேயே நான் இருக்கிறேன், என் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை? ஒட்டகத்துக்கே தினமும் தீனி வைக்கிறேன், மனுசனுக்கு வைக்க மாட்டேனா?"

என்னைவிடக் கோபக்காரர் ஒருவரைப் பார்த்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"யல்லா!" என்றார், கிளம்பு என்று. இரண்டு லேண்ட் குரூசர் பிக்கப்புகள் வந்தன. மணலில் புதையாமல் இருக்க டயரில் பாதிக் காற்றை இறக்கினார்கள். என் வண்டியில் இருந்ததை எல்லாம் மாற்றி ஏற்றினோம். அவர் பங்குக்குப் பேரீச்சம்பழப் பெட்டிகளும் ஒட்டகப்பாலும் ஏறின. உப்புத்தரைப் பக்கமே போகாமல், மணல்மேட்டின் முதுகில் சுற்றிக்கொண்டு அர்பாபே ஓட்டினார். மேடு ஏறி இறங்கும்போது என் வயிறு வாய்க்கு வந்துவிட்டது. குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

கேம்ப் வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பாலகுரு சுலைமானிக் கோப்பையோடு காவல். மாப்பிள்ளைக்குக் கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், ஆனால் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். எழுந்து நின்றாரே, அது போதும். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடி, வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டேன்.

"யோவ் மாப்ள, நீ செத்துக்கித்துப் போயிருந்தா என் தங்கச்சிக்கு நான் என்னய்யா பதில் சொல்லுவேன்? முருங்கக்கா சாம்பாராம், முருங்கக்கா!"

"திட்டுங்க மச்சான், நல்லாத் திட்டுங்க" என்று அவரும் அழுதார். ஊருக்கு அனுப்ப மாட்டார்கள், சுரேஷ்குமாரே சொல்லிவிட்டார் என்றதும்தான் அவருடைய தோள் தளர்ந்தது. முதலில் பேரீச்சம்பழம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் புளிச்சோறு. நானே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தேன். போனில் டாக்டர் கேட்டதற்கெல்லாம் அவரையே பதில் சொல்லவைத்தேன். நாளைக்கு வந்து பார்க்கிறேன், அதுவரை மாத்திரை வேண்டாம் என்றார் டாக்டர்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அந்தக் கேம்பில் எல்லா மூட்டையும் பலகை மேல் இருக்கிறது. அர்பாபின் பண்ணையில் ஒரு அறையில் அவசரத்துக்கென்று அரிசியும் பருப்பும் தனியாகக் கிடக்கின்றன, சாவி சிந்திக்காரரிடம். சுரேஷ்குமார் இப்போதெல்லாம் ஓகேவா என்று கேட்பதில்லை. சட்டியை போட்டோ எடுத்து அனுப்புங்க என்கிறார்.

அன்றைக்கு, கொஞ்சம் தெம்பு வந்ததும் மாப்பிள்ளை ஒரு இடத்தில் இருக்கமாட்டேன் என்றார். முருங்கைக்காய்க் கட்டைப் பார்த்துவிட்டார். ஐயப்பனை வெங்காயம் உரிக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாம்பார் வைத்தார். கேம்ப் முழுக்க மணம் பரவியது. பானுமதி வீடியோ காலில் வந்தாள். அவளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. திட்டினாள், அழுதாள், பிறகு, "தட்டக் காட்டுங்க" என்றாள். காட்டினார். சாம்பாரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போனை வைத்தாள்.

அர்பாபும் எங்களோடு தரையில் உட்கார்ந்து, காரம் தாங்காமல் கண்ணில் நீர் வழிய, முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று பாலகுருவிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது சொச்சம் பேரும் முருங்கைக்காயை மெல்லுகிற சத்தம். அதைக் கேட்டபடி கதவில் சாய்ந்து நின்றேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். "மச்சான், நீங்க சாப்டீகளா?"

"ஆச்சு மாப்ள" என்றேன்.

சொன்ன பிறகுதான் காலையில் இருந்து பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்பதே எனக்கு ஞாபகம் வந்தது. கேம்பில் மெல்லுகிற சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

மாப்பிள்ளை கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"என்ன கொழம்பு?"

நான் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.