மூன்று மில்லி தண்ணீர்

நான் வாய்க்காரி. கொட்டகலையில் நான் பஸ் ஏறினால் ஹட்டன் போய்ச் சேரும்வரை டிரைவருக்கு ஹோர்ன் அடிக்கிற வேலை இல்லை என்று என் தங்கச்சி பூரணி கேலி செய்வாள். அங்கே ஆஸ்பத்திரி மருந்துக் கூடத்தில் பதினொரு வருஷமாகப் போத்தல் கழுவுகிற சண்முகவடிவு என்றால் வாசல் காவலாளிவரை எல்லோருக்கும் தெரியும், கொஞ்சம் பயமும் உண்டு. அப்பேர்ப்பட்ட நான் ஒரு நாள் பேச்சு வராமல் நின்றேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பூரணிக்குக் கழுத்தில் கழலை. கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினால் நெஞ்சு படபடவென்று அடிக்கும், தேயிலைக் கொழுந்தைக் கிள்ளும் விரல் நடுங்கும். மாத்திரை கொடுத்து ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குத் தேதி வைத்தார்கள். ஆனால் அதற்கு முன் பத்து நாள் அயடின் சொட்டு மருந்து குடித்தாக வேண்டும். குடிக்காமல் கத்தி வைத்தால் இரத்தம் கட்டுக்கு அடங்காது, நான் தொடமாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருந்துத் தட்டுப்பாட்டு வருஷம் அது. நுவரெலியாவிலிருந்து கண்டிவரை கடை கடையாக ஏறி இறங்கினேன். எங்கும் இல்லை. மறுநாள் காலையில் முதல் சொட்டு விழ வேண்டும். இந்தத் தேதி தவறினால் அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து. எட்டு மாதம் அவள் நெஞ்சு தாங்குமா?

எங்கள் மருந்தாளர் நஸீரா மிஸ்தான் நாமே செய்துவிடலாம் என்றார். எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டொக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய போத்தலை எடுத்தார். மூடியெல்லாம் பழுப்பேறியிருந்தது. அயடின் பூட்டி வைத்தாலும் மூடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடுமாம். சுரண்டி எடுத்துத் தராசில் வைத்தால் ஒன்றரை கிராம்தான் இருந்தது. கறுத்து மினுங்குகிற செதில்கள், உள்ளங்கையில் கால்வாசிகூட வராது. இது எதற்குக் காணும் மிஸ் என்று கத்தினேன். மிஸ் மட்டும் நிதானமாக, இது முப்பது மில்லி மருந்துக்குச் சரியாக இருக்கும், பூரணிக்கு அது மிஞ்சும் என்றார். செதில்களைச் சின்ன பீக்கரில் போட்டுக் கண்ணாடித் தட்டால் மூடினார். அந்த நேரம் பார்த்து வார்டிலிருந்து அழைப்பு வந்தது. இதோ வருகிறேன் என்று போனார்.

என் கை சும்மா இருக்குமா? முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன். கரைக்கிறதுதானே, சீனி கரைக்கத் தெரியாதா எனக்கு? காய்ச்சி வடித்த தண்ணீரை முப்பது மில்லி சரியாக அளந்து செதில் மேல் ஊற்றினேன். கண்ணாடிக் குச்சியால் கலக்கினேன். தண்ணீர் லேசாக மஞ்சள் தட்டியதே தவிர, செதில் அப்படியே அடியில் கிடந்தது. கலக்கினேன், கலக்கினேன், கை கடுத்துப் போகும்வரை கலக்கினேன். ஒன்றுகூட அசைந்து கொடுக்கவில்லை. நாட்டிலேயே கிடைக்காத மருந்தைத் தண்ணீரில் போட்டுக் கெடுத்துவிட்டேனே பாவி! சூடு காட்டினால் கரையும் என்று பீக்கரை அடுப்புக்குக் கொண்டுபோனபோது மிஸ் வாசலில் நின்றார்.

"வையுங்கக்கா கீழ! சூடு பட்டா அவ்வளவும் புகையாப் போயிரும்."

வைத்தேன். என் தங்கச்சியை நானே கொன்றுவிட்டேன் மிஸ் என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என்ன தண்ணீர், எவ்வளவு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பிறகு இனிமேல் தொடாதீங்க என்று சொல்லிவிட்டுக் கையுறை மாட்டினார்.

குச்சியை விளிம்பில் சாய்த்து, நான் ஊற்றிய தண்ணீரை ஒரு செதில்கூட நழுவாமல் வேறொரு கிளாஸில் வடித்தார். அந்த மஞ்சள் தண்ணீரிலிருந்தே மூன்று மில்லி எடுத்து இன்னொரு சின்னக் கிளாஸில் விட்டு, அதில் மூன்று கிராம் வெள்ளை உப்பைப் போட்டார். பொட்டாசியம் அயடைட் என்று பெயர். மூன்று மில்லி என்றால் ஒரு சின்னக் கரண்டியில் முக்கால்வாசி. உப்பு நனையவே காணாதே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் உப்பு இல்லை. பிடித்துப் பாருங்க என்று அந்தக் கிளாஸை என் கையில் கொடுத்தார். ஐஸாகச் சில்லிட்டிருந்தது. யாரும் குளிரில் வைக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, உப்பு கரைந்ததற்கே அந்தக் குளிர்.

அந்தக் கரண்டித் தண்ணீரைச் செதில் மேல் ஊற்றி மெல்லச் சுழற்றினார்.

முப்பது மில்லிக்கு மசியாத செதில்கள், மூன்று மில்லிக்குப் போயின. விளிம்பு மழுங்கி, மெலிந்து, ஒவ்வொன்றாக இல்லாமல் போயின. கறுப்புச் சிவப்பாக ஒரு தண்ணீர் மட்டும் நின்றது. மிஸ் அதை ஜன்னலுக்கு நேரே சாய்த்துக் காட்டினார். அடியில் ஒரு புள்ளி இல்லை. கோயிலில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது எனக்கு.

"வெறுந் தண்ணியில இது கரையாதுக்கா. உப்பு கூடப் பிடிச்சாத்தான் வரும். தண்ணி கொறஞ்சா உப்பு நெருங்கி நிக்கும், சட்டுன்னு பிடிச்சுக்கும்."

பிறகு நான் கெடுத்த அதே தண்ணீரைத் திரும்ப ஊற்றி, முப்பது மில்லிக் கோட்டில் நிறுத்தினார். இப்போது எவ்வளவு ஊற்றினாலும் செதில் திரும்பி வரவில்லை. பழுப்புக் கறை படிந்த போத்தல்களை எத்தனை நாள் திட்டித் திட்டித் தேய்த்திருக்கிறேன். உள்ளே இப்படி ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா? மிஸ்ஸுக்கு ஒரு நன்றிகூடச் சொல்ல வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அன்று பஸ்ஸில் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகலைவரை நின்றபடி வந்தேன். இரண்டு பேர் காலை மிதித்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து நாளும் சொட்டை எண்ணி எண்ணி நான்தான் கொடுத்தேன். பூரணி முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடித்தாள். பதினோராம் நாள் ஒப்பரேஷன் நடந்தது. வெளியே வந்த டொக்டர், இரத்தம் கொஞ்சந்தான் போனது, நல்லாத் தயாராக்கிக் கொண்டு வந்திருக்கீங்க என்றார். அந்த வார்த்தை போதும் எனக்கு.

சாயங்காலம் பூரணி கண் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. கழுத்துக் கட்டுக்கு மேலே தொண்டை ஒரு முறை அசைந்தது.

"அக்கா, தண்ணி."

கழுத்தில் கத்தி வைத்தால் சிலருக்குக் குரல் போய்விடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குரல் இருந்தது. கம்மலாக, ஆனால் அவள் குரல். நான் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கிளாஸ் நிறைய ஊற்றப் போனேன். நர்ஸ் மிஸ் தடுத்து, இப்போதைக்கு ஒரு கரண்டி மட்டும் என்றார். வேறு நாளாக இருந்தால் ஒரு கரண்டி எந்த மூலைக்கு என்று சண்டைக்குப் போயிருப்பேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சின்னக் கரண்டியில் முக்கால்வாசி எடுத்து அவள் உதட்டில் விட்டேன். மெல்ல விழுங்கினாள்.

"போதும்," என்றாள்.