உவைஸ் லெப்பையை விட்டுப் போகாத வெள்ளம்

2023 டிசம்பரில் தூத்துக்குடிக்குள் புகுந்த வெள்ளம் பன்னிரண்டு நாளில் ஊரை விட்டு வடிந்தது. உப்பு வியாபாரி உவைஸ் லெப்பையை விட்டு மட்டும் வடியவில்லை. அவர் இருக்கும் அறையில் கணுக்கால் அளவுக்குக் கலங்கிய தண்ணீர் நின்றது. அவர் எழுந்து அடுத்த அறைக்குப் போனால் இந்த அறை காய்ந்து அந்த அறை நனைந்தது. தெருவில் நடந்தால் நாலு முழ வட்டமாகக் கூடவே வந்தது. மாநகராட்சி ஆட்கள் மோட்டார் வைத்து இரண்டு நாள் இறைத்துப் பார்த்துவிட்டு, டீசல் வீண் என்று குறிப்பெழுதிக்கொண்டு போனார்கள். எலக்ட்ரீஷியன் சங்கரலிங்கம் அவருடைய அலுவலகத்தில் பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக் கொடுத்து, ஒன்றுக்கு நூற்றெண்பது ரூபாய் வாங்கினார். பள்ளிவாசல் விரிப்பு நனைகிறது என்பதால், தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் ஹவுள் தொட்டியின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுதார். ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது.

உவைஸ் லெப்பை வட்டிக்கு வாங்கித் தொழில் செய்தவர் அல்ல. பதினான்கு பேர் முதல் போட, அவர் உழைக்க, லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரித்துக்கொள்ளும் பங்கு வியாபாரம் அது. பள்ளிவாசல் ஆலிம்சா ஷரீஅத் முறைப்படி எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தில் ஆறு ஷரத்துகள் இருந்தன. இறைவன் செயலால் வரும் நஷ்டம் முதல் போட்டவர்களுடையது என்பது மூன்றாவது. உழைப்பவர் சொன்ன சொல்லை மீறியதால் வரும் நஷ்டம் அவருடையது என்பது நான்காவது. பங்குதாரர்களில் பாதிப் பேர் முஸ்லிம்கள் அல்ல. ஆளின் நேர்மையை நம்பிப் போட்டவர்கள். நாசரேத் டீச்சர் ஷெர்லி, மகள் பிளாரன்ஸின் நர்சிங் படிப்புக்குச் சேர்த்ததைப் போட்டிருந்தார். முள்ளக்காட்டு உப்பளத்தில் உப்பு வாரும் சுடலைமாடத்தி தன் சங்கிலியை விற்றுப் போட்டிருந்தார்.

மூட்டைகளை பைபாஸ் மேட்டுக் குடோனில்தான் வைப்பது என்று பேச்சு. வெள்ளத்துக்கு இரண்டு மாதம் முன்பு, வாடகையில் இருபதாயிரம் மிச்சமாகும் என்று ஆறாயிரம் மூட்டை உப்பையும் கோரம்பள்ளம் பக்கம் பள்ளமான ஓர் இடத்துக்கு உவைஸ் லெப்பை மாற்றினார். யாரிடமும் சொல்லவில்லை. மிச்சத்தைத் தனக்கென்று எடுக்கவும் இல்லை. வருஷக் கடைசியில் லாபத்தோடு சேர்த்துக் காட்டி நல்ல பெயர் வாங்க நினைத்திருந்தார். வெள்ளத்துக்குப் பிறகு அங்கே வெறும் சாக்குகள் கிடந்தன. மேட்டுக் குடோனில் ஒரு சொட்டு ஏறவில்லை.

ஜனவரியில் பங்குதாரர்களைக் கூட்டி, எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றார். எந்தக் குடோன் என்று ஒருவரும் கேட்கவில்லை. “வெள்ளத்துக்கு நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி” என்றார் ஷெர்லி. சுடலைமாடத்தி, தண்ணீரில் ஊறிப் புண்ணாகியிருந்த உவைஸ் லெப்பையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து எடுத்து வந்தார். “உப்பளத்துல எங்களுக்கெல்லாம் வார புண்ணுதான் இது. காலையில ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி போடுங்க, ஆறிரும்.” எண்ணெய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புண் ஆறியது. அதன் பிறகு உவைஸ் லெப்பையால் சுடலைமாடத்தியின் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. அந்தப் பெண் வருவது தெரிந்தால் பின்வாசல் வழியாகப் போனார், தண்ணீரும் கூடவே போயிற்று.

அந்த ஆண்டு பிளாரன்ஸ் கல்லூரியில் சேரவில்லை, சென்னையில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டார். ஜகாத்தை இரண்டு மடங்காகக் கொடுத்தார். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது. முன்பின் தெரியாத ஐந்து பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டினார். தண்ணீர் கட்டிலைத் தொட்டது. கதவு ஊறி உப்பியதற்கும் அரிசி மூட்டை நனைந்ததற்கும் ஒரு வார்த்தை பேசாத அவர் மனைவி ருகையா, அன்றைக்கு மெத்தையைச் சுருட்டி மேசை மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “அவங்க காசத்தானே தர்மம் பண்ணுறீங்க?” குடோன் மாறிய நாளிலிருந்து ருகையாவுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த ஜனவரியில் பதினான்கு பேரையும் திரும்பக் கூப்பிட்டார். எல்லாரும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்து உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் தண்ணீரில் நின்றபடி நான்காவது ஷரத்தைப் படித்தார். “குடோனை மாத்துனது நான். நஷ்டம் உங்களோடது இல்ல, என்னோடது. ஒரு வருஷமா தெரிஞ்சே மறைச்சிட்டேன்.” ஷெர்லி கேட்டார். “பணத்தத் தந்துருவீங்க. எம்பிள்ளைக்கு அந்த வருஷத்த எங்கன போய் வாங்கித் தருவீங்க?”

காயல்பட்டினத்து வீட்டை விற்று, நான்கு மாதத்தில் எல்லாருடைய முதலையும் கொடுத்து முடித்தார். தண்ணீர் மெல்ல இறங்கிக் கணுக்காலுக்கு வந்தது. சேறு அடங்கி, கால்விரல்கள் தெரியும் அளவுக்குத் தெளிந்தது. அதற்கு மேல் இறங்கவில்லை. ஷெர்லி தன் பணத்தோடு விலகிக்கொண்டார். வழியில் பார்த்தால் பேசுவதில்லை. பிளாரன்ஸ் தன்னைவிட ஒரு வயது இளைய பெண்களோடு இப்போது படிக்கிறாள்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று உவைஸ் லெப்பை மற்றவர்களிடம் குடோன் சாவியைக் கொடுத்தார். பதின்மூன்று பேரும் யோசித்தார்கள். சுடலைமாடத்தி சாவியை அவர் பக்கமே தள்ளி வைத்து, திருப்பி வாங்கிய பணத்தையும் அதன் மேல் வைத்தார். “அந்தத் தண்ணி நிக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்ல. வத்திட்டுன்னா சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு எம் பணத்த எடுத்துக்கிடுதேன்.” யாரும் சிரிக்கவில்லை. ஆலிம்சா அதையே ஏழாவது ஷரத்தாக எழுத, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போதெல்லாம் கூட்டத்துக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டு, வேட்டியையோ சேலையையோ கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் உட்காருகிறார்கள்.